எட்டாவது கலியவரதன்

"ஆம்பளப் புள்ளையா? அப்போ கலியவரதன்னு எழுதிடவா?" என்றார், சங்கராபுரத்தில் பிறப்புப் பதிவு எழுதும் தணிகாசலம்.

இடஒதுக்கீடு மறியலில் போலீஸ் சுட்டுச் செத்தவனின் பெயர் அது. முன்பெல்லாம் கிழவர்களுக்குத்தான் இருந்தது. இந்த மாதம் மட்டும் ஏழு குழந்தைகளுக்கு எழுதிவிட்டார்.

"வேணாங்க. சுரேஷ்னு எழுதுங்க," என்றாள் கைக்குழந்தையோடு நின்ற அஞ்சலாட்சி.

"ஃபேஷன் பேரு கேக்குதா? நமக்காக உசுர வுட்டவன் பேரு கசக்குதா?"

அவள் குழந்தையின் துணியை இழுத்துப் போர்த்தினாள்.

"சரி, அப்பா பேரு இன்னா?"

"கலியவரதன்."

அவர் பேனா நின்றது.

"மறியல்ல சுட்டாங்களே, அவருதாங்க. தெருவுல யாராச்சும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டா, அவருதான் வந்துட்டாருன்னு வாசலுக்கு ஓடறேன். வூட்டுக்குள்ளயும் அத வச்சிக்கினு என்னால இருக்க முடியாதுங்க."

தணிகாசலம் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்து, சுரேஷ் என்று எழுதினார்.