ரெட் ஆக்சைடு

வண்டி பானட்டின் மேல் உறைபனி. பழந்துணியால் துடைத்தாள்.

அடியில் மூன்று துருப் புள்ளிகள். வரிசையாக, விரல் அகலத்தில்.

அந்த இடம் அவளுக்குத் தெரியும். ஆயுத பூஜையன்று அவள் கையால் சந்தனமும் குங்குமமும் வைத்த இடம்.

பூஜை முடிந்த பன்னிரண்டாம் நாள், கேரட் மூட்டை இறக்கப் போன மண்டியில் சுகுமார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் புருஷன். பிறகு எழவேயில்லை.

பதினாறாம் நாள் அவள் பொட்டை அழித்தார்கள். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டாள். வழக்கத்தை மாத்தாதீங்க அண்ணி என்று அதட்டியது கொழுந்தன் தனபால்.

வண்டியின் பொட்டை யாரும் அழிக்கவில்லை. அதுவரைக்கும் அவளுக்குச் சந்தோஷம்தான். மூன்று மாத ஈரம் அதிலேயே தங்கி, பெயிண்டைத் தின்று, இரும்பில் இறங்கியிருந்தது.

இன்று வண்டி விலைக்குக் கைமாறுகிறது. நானே ஓட்டுகிறேன் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். சுகுமார் அவளுக்கு நன்றாகவே ஓட்டப் பழக்கியிருந்தான். தனபால் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பத்து மணிக்கு வந்துருவாங்க அண்ணி. அந்தத் துருவை மட்டும் பாத்துருங்க. உங்களுக்குத்தான் பழக்கம்."

பழக்கம்தான். பனிக்காலம்தோறும் சுகுமாரோடு செய்த வேலை.

எமரித் தாளால் தேய்த்தாள். பழுப்புத் தூள் உதிர்ந்தது. அதில் கொஞ்சம் சிவப்பும் இருந்தது.

அழுகை வந்தது. தேய்ப்பதை நிறுத்தவில்லை.

இரும்பு பளிச்சென்று தெரிந்தது. கேத்தி மலைக் குளிரில் அதைத் தொட முடியவில்லை. சில்லென்று இருந்தால் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு பிடிக்காது என்பான் சுகுமார். கங்குச் சட்டியைப் பக்கத்தில் பிடித்துச் சூடேற்றினாள். சட்டியைத் தூரமாக வைத்துவிட்டு வந்து டப்பாவைத் திறந்தாள்.

பிரஷ் விறைத்துக் கிடந்தது.

விரலால் தொட்டு வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

முடி முகத்தில் விழுந்தது. அதே கையால் ஒதுக்கினாள்.

சொன்னபடி வந்தார்கள். சின்ன வயதுத் தம்பதி. அந்தப் பெண்ணின் கையில் எலுமிச்சையும் குங்குமமும் வைத்த தட்டு.

அவள் ஒதுங்கி நிற்கப் போனாள். இப்போதெல்லாம் யாரும் சொல்லாமலே ஒதுங்கப் பழகியிருந்தாள்.

அந்தப் பெண் விடவில்லை. முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினாள்.

"முதல் பொட்டு நீங்களே வச்சுக் குடுங்கக்கா. சுமங்கலி கையால வச்சா நல்லது."

கழுத்துவரை ஸ்வெட்டர். கால்விரல்களை மூடிய காலுறை. வெளியே தெரிந்தது முகம் மட்டும்.

வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். நெற்றி நடுவே சிவப்பு.

தனபாலைப் பார்த்தாள். அவனும் அதைப் பார்த்துவிட்டான். உண்மையைச் சொன்னால் வந்தவர்கள் அப்படியே திரும்பிவிடுவார்கள். அன்று அதட்டிய வாய் இன்று திறக்கவில்லை. தரையைப் பார்த்து நின்றான்.

அவள் குங்குமத்தைத் தொட்டாள்.

ஈரம் காயாத புள்ளிகளுக்கு மேலே, நிதானமாக, மூன்று பொட்டு.

"ரெண்டு நாள்ல தொடச்சிரும்மா. விட்டா துரு புடிச்சிரும்."

வண்டி வளைவில் இறங்கி மறைந்தது.

தனபால் துணியைப் பெயிண்ட் தின்னரில் நனைத்து நீட்டினான். தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான்.

அவள் வாங்கி, விரல்களை மட்டும் துடைத்துக்கொண்டாள்.