அந்த இரண்டு கால்கள்

தென்காசியில் ஒரு சிறிய மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டர். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன ராயகிரி விவசாயி செந்தில்வேல், விழித்தபடியே மல்லாந்து கிடக்கிறார். நர்ஸ் ஸ்வர்ணாவும் உதவியாளரும், இடுப்பு பிசகிவிடாதபடி, அவருடைய இரண்டு கால்களையும் ஒரேசமயத்தில் மெல்லத் தூக்கிக் கால்தாங்கிகளில் வைக்கிறார்கள். வெள்ளை வெளிச்சத்தில் இரண்டு பாதங்கள் எழும்புவதைக் கண்டு அவர் கண்கள் இடுங்குகின்றன. “அது யாரு காலு?” “உங்க காலுதான் அண்ணாச்சி.” “எங்கிட்ட ஏன் மறைக்கிய? என் காலு மேசையில நீட்டிக்கிட்டுல்லா கெடக்கு. ஆள மாத்திராதிய.” ஸ்வர்ணா அவர் கையைப் பிடித்து அந்தத் தொடைமேல் வைக்கிறாள். கைக்கு வெதுவெதுப்புத் தெரிகிறது. தொடைக்குக் கை தெரியவில்லை. அந்நியரைத் தொட்டுவிட்டவர்போல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார். அவள் முழங்காலுக்கு அடியில் பஞ்சுத் திண்டைச் செருகுகிறாள். சந்தேகம் தீராமல் பார்த்துக்கொண்டிருந்தவர் தாழ்ந்த குரலில் சொல்கிறார்: “பைய வையி தாயி. யாரு பெத்த பிள்ளையோ.”