ஒன்றரை மீற்றர் போதாது

"ஒன்றரை மீற்றர் போதாது," என்றார் கிழவர். "பிளேட்டைச் சரிச்சுத் திருப்பினா அகலம் குறையும். பின்சில்லு பனிக்கு மேலை ஏறும்."

அவர் மடியில் இயந்திரக் கடையின் பழைய கற்றலொக் விரிந்து கிடந்தது. சின்ன ட்ராக்டரின் முன்பக்கத்தில் பூட்டுகிற, பனி தள்ளும் பிளேட்டுகள் பக்கம் பக்கமாக இருந்தன. பலேர்மோவில் அன்றைக்குத் தெற்குக் காற்று. பல்கனிக் கதவைத் திறந்தால் முகம் சுட்டது.

லூர்து அவரைப் பராமரிக்கும் ஆள். லிபெர்த்தாத் தெருவில் இருக்கும் அந்த வீட்டிலேயே தங்கி, குளிப்பாட்டி, சமைத்துக் கொடுத்து, கைபிடித்து நடத்துபவன். கிழவர் சிஞ்ஞோர் விஞ்சென்சோவுக்கு மலைப்பக்கம் ஒரு தோட்டமும் ட்ராக்டரும் இருந்தது உண்மை. இரண்டையும் விற்றுப் பல வருசமாகிவிட்டது.

"அப்ப ஒன்று எண்பது எடுப்பமோ, சிஞ்ஞோர்?" என்று இத்தாலியனில் கேட்டான். மறுத்துச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

"அது பாரம் கூட. முன் அச்சு தாங்காது. பின்னுக்கு எதிர்ப்பாரம் கட்டவேணும்." கிழவர் விரலில் எச்சில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

இந்தக் கூத்து அந்தக் கிழமைதான் தொடங்கியது. அதுவரை அவருக்கு இடுப்புத்தான் பழுது, தலை இல்லை. இடுப்பும் இப்போது தேறி, தடியூன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். இனி முழுநேர ஆள் தேவையா, காலையில் மட்டும் ஒருத்தி வந்து போனால் போதாதா என்று மகன் தவிதே யோசித்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தான்.

அதைக் கேட்ட அன்றைக்கே லூர்து மன்னாரிலிருக்கும் மனைவி எமிலியானாவுக்குப் போன் எடுத்தான். கிழவருக்கு எண்ணெய் தேய்த்துக் கால் பிடித்துவிட்டபடிதான் கதைத்தான்.

"கொன்த்ராத்தோ போனா ரிகொன்ஜுஞ்சிமெந்தோவும் போச்சு," என்றான். வேலை ஒப்பந்தம், மனைவியைக் கூப்பிடும் விண்ணப்பம் என்று தமிழில் சொல்ல அங்கிருப்பவர்கள் யாருக்கும் வாய் வராது; இத்தாலியன் சொல்தான் வரும். "நீ இஞ்சை வாறதை மறந்துபோடு."

பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று அவள் கேட்டாள்.

"கிழவன் மட்டும்தான். தமிழிலைதானே கதைக்கிறம்."

அவள் அழவில்லை. அழுவதை எப்போதோ விட்டிருந்தாள். சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் தொடங்கிய ட்ராக்டர் பேச்சு லூர்துவுக்கு மற்றப் பக்கத்தால் வந்த அடி. கோயிலில் காணும் கொட்வினுக்கு வேலை போனது இப்படித்தான். அவன் பார்த்த கிழவிக்கு அறிவு தடுமாறியது. பிள்ளைகள் அவளை முதியோர் இல்லத்தில் விட்டு வீட்டைப் பூட்டினார்கள். கொட்வின் பையோடு தெருவில் நின்றான்.

ஆகவே லூர்து மறைத்தான். அப்பா நல்லாக இருக்கிறார், பேப்பர் வாசிக்கிறார் என்று மகனிடம் போனில் சொன்னான். ஞாயிறு காலை கற்றலொக்கை எடுத்துச் சமையலறையில் துவைக்கப் போட்ட உடுப்புகளுக்கு அடியில் தள்ளினான்.

தவிதே கன்னோலிப் பெட்டியோடு வந்தான். இனிப்பை மேசையில் வைத்துவிட்டு அவன் கதிரையில் இருந்த உடனேயே கிழவர் எழும்பினார். தடியை ஊன்றிச் சமையலறைக்குப் போய், உடுப்புகளைக் கிளறி, கற்றலொக்கோடு திரும்பி வந்தார்.

இரும்பு விளிம்பா, ரப்பர் விளிம்பா என்று மகனைக் கேட்டார். தோட்டத்துப் பாதை சல்லிப்பாதை. ரப்பர்தான் சரி என்று பதிலும் தானே சொன்னார். கல்லில் முட்டினால் பின்னுக்கு மடிகிற மாதிரி ஸ்பிரிங் வைத்ததாகப் பார்க்கச் சொன்னார்.

"பாப்பா, ட்ராக்டர் இப்ப இல்லை," என்றான் தவிதே.

"அப்ப பனியை ஆர் தள்ளுறது? நீயோ? இந்தச் சப்பாத்தோடையோ?"

சிஞ்ஞோர் பகிடி விடுகிறார் என்று லூர்து குறுக்கே சொல்லிப் பார்த்தான். கிழவர் அவன் பக்கம் திரும்பி, ட்ராக்டருக்குக் கிறீஸ் போட்டாயா என்று கேட்டார்.

தவிதே லூர்துவை வாசல் நடைக்குக் கூட்டிப் போனான். அவனுக்குப் பயம்கூட வரவில்லை. பையில் எதை முதலில் வைப்பது என்று நினைத்துக்கொண்டு நின்றான்.

சாகக் கிடந்த தாய்க்குத் தான் ஒரு வாக்குக் கொடுத்திருப்பதாகத் தவிதே சொன்னான். என்ன நடந்தாலும் அப்பாவை இல்லத்தில் விடுவதில்லை. அது அப்பாவுக்கும் தெரியும்.

"மணிக்கணக்குக்கு ஆள் வைக்கிறது இனிச் சரிவராது," என்றான். "இரவும் பகலும் நீ அவரோடை நிக்கவேணும். நாளைக்கே ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பம்."

லூர்து தலையாட்டினான். தவிதே கண்ணைத் துடைத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போனான்.

லூர்து உள்ளே திரும்பி வந்தபோது கிழவர் கற்றலொக்கை மூடி வைத்துவிட்டுக் கன்னோலி தின்றுகொண்டிருந்தார். மீசையில் வெள்ளைச் சீனி. பெட்டியை அவன் பக்கம் தள்ளினார்.

"ட்ராக்டரை வித்தவனே நான்தான்," என்றார். "உன்ர மனுசி எப்ப வாறா?"