இன்னும் ஒரு பேங்க்

"இன்னும் கிளம்பலையா? லேட்டாப் போனா அந்த பேங்க்ல நிக்கக்கூட இடம் இருக்காது."

அம்மா சொல்லி முடிப்பதற்குள் அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடியே செருப்பைத் தேடினார்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவு போட்டுப் பெற்றவர்களைப் பார்க்க வந்தவள். வந்த நாளிலிருந்து இதே கூத்துதான்.

அப்பா பேப்பர் மில்லில் பாய்லர் பார்த்தவர். சமீபத்தில்தான் ஓய்வு பெற்றார். வேலைக் காலம் முழுக்கச் சம்பளத்தில் பிடித்த பணம் மில்லின் சேமிப்பு நிதியில் கிடந்தது. அதை அங்கேயே விடுவதா, வேறு இடத்துக்கு மாற்றுவதா? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அவர் ஒவ்வொரு பேங்காகப் படியேறிக்கொண்டிருந்தார். ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தவள் அம்மா.

"வெயில் எப்படிக் கொளுத்துது பாத்தியா? அரை பர்சென்ட் கூடுதல் வட்டிக்காக அப்பாவைத் தெருத்தெருவா அலைய விடறியே!"

"கேட்டா என்ன, வாயா வலிக்குது?"

"கால் வலிக்கும்!"

"பாய்லர் சூட்டையே பாத்த மனுஷன். இந்த வெயிலா அவரை உருக்கிடப் போகுது?"

அப்பா வாசலில் நின்று குடையைத் தூக்கிக் காட்டினார், பள்ளிக்கூடம் கிளம்புகிற பையன் மாதிரி.

அம்மாவும் வேலைக்குப் போனவள்தான். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் பகல் ஷிஃப்ட். அப்பாவுக்கு எப்போதும் இரவு ஷிஃப்ட். மில்லில் அவருக்குப் பட்டப்பெயரே ராக்கோழி. ஒருவர் வர, ஒருவர் போக, வீட்டுச் சாவி தெருமுனை பஸ் ஸ்டாப்பில்தான் கை மாறும். அப்படிச் சேர்த்த பணம். அருமை தெரியும், சரி. அதற்காக இந்த வயதில் இப்படி ஒரு பேராசையா என்று மகளுக்கு வருத்தம்.

சாயங்காலம் அப்பா திரும்பியதும் அம்மா டீயோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னான்?"

"சொன்னானா? பாடினான்!" அப்பா எழுந்து, வயிற்றை எக்கிக்கொண்டு, இல்லாத டையைச் சரிசெய்தார். "'சார், உங்க பணம் எங்ககிட்ட ஒரு குழந்தை மாதிரி வளரும் சார்!'"

"குழந்தை மாதிரின்னா? செலவு வெக்குமா?"

"அதேதான் கேட்டேன். 'தம்பி, நடுவுல எடுக்கணும்னா எவ்வளவு பிடிப்பீங்க?' இருமினான் பாரு ஒரு இருமல்! தண்ணி குடுத்து உக்கார வெச்சுட்டு வந்தேன்."

அம்மா டீ சிந்தச் சிந்தச் சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இதுவும் சரிப்படாது. நாளைக்கு ரயிலடிப் பக்கம் ஒண்ணு இருக்கே, அதையும் பாத்துடுங்க" என்றாள்.

மகளால் பொறுக்க முடியவில்லை. பால் வாங்கக் கிளம்பிய அப்பாவோடு தானும் இறங்கினாள்.

"அப்பா, ஏதாவது ஒரு இடத்துல போட்டுத் தொலைங்க. இல்லையா, மில்லுலேயே விடுங்க. அம்மா சொல்றாங்கன்னு நீங்க ஏன்..."

"கத்தாதே." அப்பா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "மில்லுலேயே விட்டாச்சு."

"என்னது?"

"ரிட்டயர் ஆன மறு வாரமே. கணக்குப் போட்டுப் பாத்தேன். வட்டி பரவாயில்ல, பிடித்தமும் குறைச்சல். எதுக்கு மாத்தணும்? இங்கேயே இருக்கட்டும்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு இந்த அலைச்சல்?"

அப்பா கொஞ்சம் நெளிந்தார்.

"வீட்டோட இருக்க ஆரம்பிச்ச புதுசுல, நானும் உங்கம்மாவும் டாக்டர் ரூம் வாசல்ல டோக்கன் வாங்கிட்டு உக்காந்த மாதிரி உக்காந்திருந்தோம். 'சாப்பிடறீங்களா?' 'ம்.' அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள், எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி நான் விசாரிக்கப் போன பேங்க்காரன் பேசினதை அப்படியே பேசிக் காட்டினேன். சிரிச்சா பாரு... அவ நல்லா சிரிச்சா கன்னத்துல குழி விழும்னே அன்னைக்குத்தான்மா எனக்குத் தெரிஞ்சுது."

அப்பா பால் பாக்கெட்டை வாங்கிப் பையில் போட்டார்.

"மறுநாள் காலைல, 'இன்னொரு இடமும் கேட்டுப் பாருங்களேன்'னா. முடிவு பண்ணியாச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்? பாவம், நான் ஏதோ பெரிய ஆராய்ச்சி பண்றேன்னு நம்பிக்கிட்டிருக்கா. நீ உளறிடாதே."

வீட்டுக்கு வந்ததும் மகள் நேரே சமையலறைக்குப் போனாள். காலையில் பேசிய பேச்செல்லாம் நெஞ்சில் உறுத்தியது.

"அம்மா, அந்த ரயிலடி பேங்குக்கு நாளைக்கு அப்பாவை அனுப்பு. வெயிலெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொல்லிட்டாரா?"

"எ... எதை?"

"பணம் மில்லுலேயே இருக்குன்னு." அம்மா கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எழுதிக் குடுத்த அன்னைக்கே மில் ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டார். எடுத்தது நான்தான். இன்னிவரைக்கும் மூச்சு விடல. நீயும் விடாதே."

அம்மா அடுப்பைத் தணித்தாள்.

"இப்படிப் பேசத் தெரிஞ்ச மனுஷனை இத்தனை வருஷமா பாய்லர்கிட்ட விட்டு வெச்சிருந்தேனேடி! இப்ப எனக்கு ஒரே ஒரு கவலைதான். ரயிலடியைச் சேத்து இந்த ஊர்ல இன்னும் ரெண்டே பேங்க்தான் பாக்கி. ஆமா... நீ இருக்கிற ஊர்ல எத்தனை பேங்க் இருக்கும்?"