கஸ்பாருக்காக ஒரு பி.ஏ.

“இன்னாய்யா சொல்ற? நாளைக்குப் பரீட்ச, நீ நடுக்கடல்ல நின்னுகினு கீற?”

பிரவுசிங் சென்டர் என்பதையும் மறந்து ஃப்ளோரன்ஸ் செல்போனில் கத்தினாள். ராயபுரம் மொத்தத்துக்கும் கேட்டிருக்கும்.

“நான் இன்னாமே பண்றது? துறைமுகத்துல எடம் காலியில்ல. நங்கூரம் போட்டு நாலு நாளாச்சு. ஒருத்தனையும் எறங்க வுட மாட்டேன்றானுங்க” என்றான் சரக்குக் கப்பலில் வேலை செய்யும் அவள் கணவன் கஸ்பார்.

ஃப்ளோரன்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வருஷ உழைப்பாயிற்றே! ஆன்லைனில் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்த கையோடு, “கப்பல்ல நெட்டு இல்ல. நீ கிளாஸ் கேட்டு நோட்ஸ் எடு. லீவுல வந்து உங்கிட்ட கத்துக்கறேன்” என்று பாஸ்வேர்டை அவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான் மனுஷன். மவுஸைத் தொடவே பயந்தவள், ஞாயிறு தவறாமல் பூசை முடிந்ததும் இங்கே வந்து உட்கார்ந்தாள். பணவீக்கமெல்லாம் இப்போது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“எனக்குன்னு ஒரு கம்ப்யூட்டர எடுத்து வெச்சாரே இந்த சென்டர் பாய், அவருக்கு இன்னா சொல்லுவேன்? ‘இருநூத்திப் பதினேழாம் நம்பர், நீங்க ரொம்ப நல்லா வருவீங்க’ன்னு பேர் இல்லாம நம்பர மட்டும் போட்டு எழுதி அனுப்பிச்சாங்களே அந்த ஆன்லைன் டீச்சரம்மா! ரெண்டு பேருக்கும் ஜெபத்துல நன்றி சொல்லாத நாளில்ல. எல்லாம் வீணா பூட்ச்சே!”

“கத்தாதமே. ஹால் டிக்கெட்டு நெட்ல வந்துகீதுன்னு போனுக்கு மெசேஜ் வந்துச்சு. பிரின்ட் எடு.”

“நீயே வரல, அது எதுக்கு? ஃபிரேம் போட்டு மாட்டவா?”

“எடுமே!”

சென்டர்க்காரர் சௌக்கத் அலி பட்டனைத் தட்டினார். பிரின்டர் முக்கி முனகிப் பேப்பரைத் துப்பியது. அதைப் பார்த்தவர் வாயெல்லாம் சிரிப்பாக நீட்டினார்.

“காலைல சீக்கிரம் கெளம்பிடும்மா. பரீட்ச எண்ணூர்ல, பஸ்ஸ நம்பாத.”

“நானா? நான் எங்க பாய் போறது?”

பேப்பரை வாங்கிப் பார்த்தாள். மாணவர் எண் 217. ஓரத்தில் அவளுடைய போட்டோ. பெயர்: க. ஃப்ளோரன்ஸ்.

“நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தேன்” என்றான் கஸ்பார் போனில். “உனக்குன்னா, ‘ரெண்டு புள்ள பெத்தவளுக்கு எதுக்குய்யா படிப்பு’ன்னுவ. எனக்குன்னா உசுரக் குடுத்துப் படிப்ப. அதான்மே, எனக்குன்னு சொன்னேன்!”