சட்டம் தெரிந்த கழுதை

எரிகோ நகருக்கு இறங்கும் மலைப்பாதையில் ஒரு கழுதை உப்பு மூட்டையோடு விழுந்து கிடந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. போன மாதம் தண்ணீர்த் தொட்டியில் அதோடு சண்டை போட்ட ஒட்டகம் அந்த வழியாக வந்தது.

“பகையாளி விழுந்து கிடந்தாலும் தூக்கிவிட வேண்டும். கடவுளின் சட்டச்சுருளில் எழுதியிருக்கிறது” என்றது கழுதை.

ஒட்டகம் மூன்று முறை முட்டுக்கொடுத்துப் பார்த்தது. மூட்டை அசைந்தது, கழுதை அசையவில்லை.

“நீயும் கொஞ்சம் காலை ஊன்றேன்!”

“தூக்குவது உன் கடமை. என்னை ஏன் கேட்கிறாய்?” கழுதை கண்ணை மூடிக்கொண்டது.

ஒட்டகம் அதன் பக்கத்திலேயே படுத்தது.

“என்ன செய்கிறாய்?”

“நானும் விழுந்துவிட்டேன். எழுந்து வந்து தூக்கு.”

கழுதை நெடுநேரம் யோசித்தது. பிறகு முனகிக்கொண்டே முன்னங்காலை ஊன்றியது. அதற்காகவே காத்திருந்த ஒட்டகம் சட்டென்று எழுந்து தோள் கொடுத்தது.