அடுப்பை மறைக்காதே

எண்ணூரில் விடிந்து கொஞ்ச நேரந்தான் ஆகிறது. அதற்குள் மொட்டைமாடிச் சுவரில் விரலால் பெயரெழுதும் அளவுக்கு அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கிறது. செங்கொடி ஈரத்துணியோடு தன் அவரைக்கொடியின் முன்னால் குந்தியிருக்கிறாள். ஒவ்வோர் இலையையும் உள்ளங்கையில் ஏந்தி, பிள்ளைக்கு மூஞ்சி துடைப்பதுபோல் துடைக்கிறாள். துணி கறுக்கக் கறுக்க இலை பளபளக்கிறது. போன மாதம், கொடிமேல் சாம்பல் விழக்கூடாதென்று அவள் புருஷன் வல்லரசு, படகை மூடும் நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து இறுக்க மூடிவிட்டான். சாம்பல் படவில்லை, வெயிலும் படவில்லை. இலைகளெல்லாம் காமாலை கண்டதுபோல் வெளிறிப்போயின. தார்ப்பாயை உருவி எறிந்த நாளிலிருந்து தினமும் இந்தத் துடைப்புத்தான். இன்று கணுவுக்குக் கணு ஊதாப் பூ. நடுவே, நகத்தளவில் ஒரு பிஞ்சு.

கடலிலிருந்து திரும்பிய வல்லரசு மீன்வாசத்தோடு மாடியேறி வருகிறான். "இன்னாமே, டீகூட போடாம இத்த குளிப்பாட்டிகினு கீற?"

"டீ கெடக்குது. இங்க பாருய்யா, காய் வுட்டுக்கீது!"

அவன் ஆவலாகக் குனிகிறான். அவனுடைய அகன்ற நிழல் கொடிமேல் முழுசாய்க் கவிகிறது. செங்கொடி சிரித்துக்கொண்டே அவன் முழங்காலைப் பிடித்துத் தள்ளுகிறாள்.

"யோவ், தள்ளி நில்லு! தண்ணி கீது, காத்து கீது, வெயில் பட்டாதான் அது சோறாக்கும். அடுப்ப மறைக்கிற பாரு!"

வல்லரசு சட்டென்று ஒதுங்குகிறான். வெயில் மறுபடி இலைமேல் வந்து உட்காருகிறது. அவன் தலைத்துண்டை அவிழ்த்து வாளியில் நனைக்கிறான். தன் நிழல் எங்கே விழுகிறதென்று பார்த்துப் பார்த்து, அடுத்த இலையை உள்ளங்கையில் ஏந்துகிறான்.